கடலிலிருந்து நான்காவது வரிசை

கோவில் புத்தகத்தில் நீல மையில் இருக்கிறது:
கடலிலிருந்து நான்காவது வரிசை,
வடக்கே இருந்து ஏழாவது குழி.
பிரகாசி. ஜெர்வாசி பெண்சாதி. வயது பத்தொன்பது.
விரல் வைத்து வாசித்த உபதேசியார்
என் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும் ஜெர்வாசி பெண்சாதிதான்.

பாம்பன் தென்கடல். ஆனி மாசம்.
கச்சான் காற்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறது.
கல்லறைத் திருநாள் என்றால்
புல் செதுக்கியிருப்பார்கள், சுண்ணாம்பு அடித்திருப்பார்கள்,
மெழுகுதிரி விற்கிற பிள்ளைகளிடம் கேட்டுப் போகலாம்.
இப்போது வழி என்பது ஆடு போன தடம்.

கேட்டில் ஒரு கதவுதான்.
மற்றது யார் வீட்டுக் கோழிக்கூண்டில் இருக்கிறதென்று
ஊருக்கே தெரியும், ஒருவரும் சொல்வதில்லை.
உடைமுள். பாட்டில் சில்லு.
ஒரு சம்மனசுக்கு இரண்டு சிறகும் உடைந்து
வெறும் பிள்ளையாக நிற்கிறது.
சிலுவைக்குச் சிலுவை நைலான் கயிறு கட்டி
நண்டு வலை காயப் போட்டிருக்கிறார்கள்.
தப்பென்று தோன்றவில்லை எனக்கு.
வலை காயக் காற்று வேண்டும்.

எண்ணத் தொடங்கினேன்.
கடலிலிருந்து ஒன்று.
எங்கே இருக்கிறது ஒன்று?

பார்க்கல்லில் கட்டிய கல்லறைகள்
சரிந்து அலைக்குள் கிடக்கின்றன,
வெட்டி எடுத்த பாருக்கே திரும்புகிற கல்.
ஒரு தலைமாட்டுக் கல்லின் மேல் நீர்க்காகம்
சிறகை விரித்துக் காயவைக்கிறது.
"ரெண்டு வரிசை முழுசாப் போச்சு.
வத்தத்துல இன்னொண்ணு தெரியும்கா,"
என்றான் வலைக்காரப் பையன்.

செருப்பைக் கழற்றி வைத்து
முழங்கால் தண்ணீரில் இறங்கினேன்.
இல்லாத வரிசையை இருப்பதாக வைத்துக்கொண்டு
ஒன்று, இரண்டு,
மூன்றுக்கு ஒரு கல் காலில் இடித்தது.
நான்கு, கரையேறினால் முதலில் நிற்பது.

ஏழாவது குழியில் எழுத்து பாதி.
'காசி' மட்டும் இருக்கிறது, முன்பாதியை உப்பு தின்றுவிட்டது.
ரயிலேறி ராமேஸ்வரம் வருகிறவர்கள்
போகவேண்டிய ஊரைத்
தலைமாட்டில் வைத்துப் படுத்திருக்கிறாள்.
சிரிப்பு வந்தது. பிறகு குனிந்து மணலைத் தள்ளினேன்.
கீழே விரல் நீளத்தில் இன்னொரு சிலுவை, பெயர் இல்லாமல்.
பிள்ளை.
பதினெட்டு வருஷம் ஒரே பாயில் படுத்தும்
அவர் சொன்னதில்லை.

அவருக்குக் குழி இல்லை.
வள்ளம் வந்தது, ஆள் வரவில்லை.
ஏழு வருஷம் பொறுக்கச் சொன்னது சட்டம்.
எட்டாம் வருஷம் கோர்ட்டுக்கு நடந்து
போன வாரம் தாலுகா ஆபீசில்
முத்திரை குத்தி ஒரு காகிதம் கொடுத்தார்கள்.
காகிதத்தின் முன்னால் மெழுகுதிரி கொளுத்த முடியாது.
ஆள் இல்லாமல் குழி வெட்டக் கூடாது,
இருக்கிற கல்லில் எழுதிக்கொள் என்றார் சாமியார்.
இருக்கிற கல் அவளுடையது.

கொத்தனார் லாசர் மதியத்துக்கு மேல் வந்தான்.
எழுத்துக்கு அறுபது ரூபாய். புள்ளிக்குக் காசு இல்லை.
ஜெ, ர், வா, சி. நாலு.
"அவுக பேரையும் புதுப்பிக்கவா?"
பி, ர, கா, சி. அதுவும் நாலு.
"பின்னாடி ரெண்டு இருக்கே, ரெண்டுக்குக் குடுத்தாப் போதும்,"
என்று எனக்காகக் கணக்குப் போட்டான்.
நாலுக்கும் தருகிறேன், ஆழமாய் வெட்டு என்றேன்.

உளியை எடுக்காமல் கடலைப் பார்த்தான்.
"ரெண்டு மழைக்குத் தாங்காது இந்த இடம்.
உள்ள தள்ளி வேற கல்லுல போடலாம்."
வரட்டும் லாசர்,
அவருக்கு நடக்கிற தூரம் குறையும்.

கொஞ்ச நேரம் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
"இந்தச் சின்னச் சிலுவைக்கு?"
அதற்குப் பெயர் தெரியாது எனக்கு.
சுண்ணாம்பு அடி, என்றேன்.

முன்பணம் முந்நூறு.
செருப்பைத் தேடினால் ஒன்றுதான் இருந்தது.
இன்னொன்றின் பின்னால் வலைக்காரப் பையன்
தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்தான்.